பச்சை முக்காட்டுக்காரரிடம் நான் கேட்ட கேள்விகள்

"நான் செத்துட்டேன், யாராச்சும் வந்து எழுப்புங்க" என்று என் மகள் தன் அறைக்குள்ளிருந்து சொன்னாள். குடிக்கத் தண்ணீர் கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அவள் காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் கேடயத்தோடு ஒரு பெண் தரையில் விழுந்து கிடந்தாள். என் மகள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா?" என்றேன்.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தி, "கேமுப்பா" என்றாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் போய் வருவாள், மூன்று நாள் பழைய சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாள். வேலை முடிந்ததும் இரண்டு மணி நேரம் இந்த ஆட்டம். பல ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே உலகத்துக்குள் வருவார்களாம். ஆளுக்கு ஒரு வேஷம், ஒரு பொய்ப் பெயர். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சங்கம் மாதிரி ஒரு குழு. யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது. இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பார்த்த வேலை அப்படி. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை பத்தொன்பது வருஷம் அதன் காவல் பிரிவான வாட்ச் அண்டு வார்டில் இருந்தேன். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிற ஆட்களை, ஷாஃப்ட் என்கிற குழியின் வாசலில் நிறுத்தி உடம்பைத் தடவிச் சோதிக்கிற வேலை. அவர்கள் கையைத் தூக்குவார்கள். கக்கம், இடுப்பு மடிப்பு, டிபன் டப்பாவின் அடி, தலைமுடி, வாய், எல்லாம் பார்ப்போம். தங்கம் ஒட்டிய கல் மிளகு அளவு இருந்தாலும் விட மாட்டோம். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் ஒரு தொழிற்சாலை கேட்டில் நின்று, வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்தேன். ஆக நாற்பது வருஷம் மற்றவர்களைச் சந்தேகப்பட்டுத்தான் சாப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கும் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் என் கண் முதலில் அவர் கைக்குத்தான் போகும்.

அதனால் அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். அவள் பேசுவது மட்டும்தான் எனக்குக் கேட்கும், எதிராளிகள் பேசுவது கேட்காது. "நான் முன்னாடி போறேன், நீங்கல்லாம் பின்னாடி வாங்க" என்பாள். "இடது பக்கம், இடது பக்கம்" என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை, யாரிடமோ கொஞ்சம் தணிந்த குரலில், "நீங்க பின்னாடி இருந்தா எனக்கு பயமே இல்ல" என்றாள்.

அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

என் மனைவி அடுப்பங்கரையில் பிதுக்குப் பருப்புக்காக அவரைக்கொட்டையைத் தோலிலிருந்து பிதுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ச் சொன்னேன்.

"யாரோ ஒருத்தன் கீறான்" என்றேன்.

"இருந்தா இருக்கட்டும். முப்பது தாண்டின பொண்ணு. சிரிச்சிகினு கீறா. உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

"மூஞ்சி தெரியாதவன்."

"உங்க மூஞ்சி தெரிஞ்சா நான் கட்டிகினேன்?" என்றாள், பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று மகளிடமே கேட்டேன். "பின்னாடி இருந்தா பயமில்லன்னு சொன்னியே, யாரும்மா அது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒட்டுக் கேட்டீங்களா?"

"கதவு தெறந்துதான் இருந்திச்சி."

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. "அது எங்க குழுவுல மூணு வருஷமா இருக்கிற ஒருத்தரு. நாங்க அடி வாங்கும்போது மருந்து போட்டு காப்பாத்துறவரு. நீங்களே உள்ள வந்து செக் பண்ணிக்கோங்கப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தன் பழைய லேப்டாப்பை முன்னறை மேஜையில் வைத்து எனக்கு ஒரு கணக்குத் திறந்தாள். பிறந்த தேதி கேட்டது. நான் வேறு ஒரு தேதி சொன்னேன்.

"உங்க பொறந்த நாள் அது இல்லியே."

"எவன் எதுக்கு கேக்கிறான்னு தெரியாம நிஜத்த சொல்ல முடியுமா?"

அவள் நான் சொன்னதையே அடித்தாள். அடுத்தது உருவம் தேர்ந்தெடுக்க வேண்டும். காது நீண்ட அழகர்கள், கொம்பு முளைத்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். நான் தாடி வைத்த ஒரு குள்ளனைத் தேர்ந்தெடுத்தேன். ஆள் நல்ல பலசாலி, அதோடு கையில் பிக்காசு வைத்திருந்தான். மகள் என்னைத் தன் குழுவிலும் சேர்த்துவிட்டாள். அவள் என்ன உருவம் என்று அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். ஆறடிப் பெண், கையில் கேடயம். சண்டையில் முன்னால் நின்று எல்லா அடியையும் தான் வாங்கிக்கொள்வது அவள் வேலையாம். வீட்டில் ஊசிக்குப் பயப்படுகிறவள் இப்படி ஒரு வேலையைத் தேடி எடுத்திருக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதல் அரை மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தேன். நடக்க நான்கு எழுத்துகள், திரும்ப மவுஸ். இரண்டு தரம் ஆற்றில் விழுந்தேன். ஒருவழியாக ஒரு கிராமத்துக்குப் போனேன். அங்கே தலைக்கு மேல் மஞ்சள் குறியோடு ஒரு ஆள் நின்றுகொண்டு, காட்டுக்குப் போய் ஆறு ஓநாய்களைக் கொன்று தோலைக் கொண்டு வரச் சொன்னார்.

"இவரு ஏன் போவல?" என்றேன்.

"அவரு நிஜ ஆளு இல்லப்பா. கம்ப்யூட்டர். பேரு பச்சையா இருந்தா கம்ப்யூட்டர், நீலமா இருந்தா நம்மள மாதிரி ஆளு."

இது எனக்கு உதவியாக இருந்தது. பச்சைப் பெயர்க்காரர்களைப் பற்றிக் கவலையில்லை. நீலப் பெயரோடு யார் பக்கத்தில் வந்தாலும் நின்று, அவர்கள் தாண்டிப் போகும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மகள் அறைக்குள் வேலை செய்யும்போது, நான் முன்னறையில் தனியாக ஆடினேன். அவளைக் கண்காணிக்கத்தான் உள்ளே வந்தேன், ஆனால் மூன்றாம் நாள் ஒரு மலைக்குகையைக் கண்டுபிடித்த பிறகு அது கொஞ்சம் மாறிப்போனது. அந்தக் குகைச் சுவரில் அங்கங்கே கல் மினுக்கும். பிக்காசால் நான்கு தட்டுத் தட்டினால் செம்பு, ஆழத்தில் போனால் தங்கம். தட்டுகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு வெளியே நடந்து போனார்கள். குகை வாசலில் யாருமே நிற்கவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. என் பையில் தங்கம் விழுந்ததும், வெளியே வருகிற இடத்தில் யாரோ என்னைச் சோதிக்கப் போவது போல என்னையறியாமல் நின்றுவிட்டேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள்.

அந்தக் குகைக்குள்தான் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு கரடி என்னை அடித்துக் கீழே தள்ளியது. உயிர் போகிற நேரம், என் மேல் வெளிச்சம் போல ஒன்று விழுந்தது. உடம்பு சரியாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் பச்சை முக்காடு போட்ட ஒரு உருவம் வளைந்த தடியோடு நின்றது. நீலப் பெயர். எங்கள் குழுவின் ஆள் என்று பெயருக்குக் கீழே போட்டிருந்தது. அது என்னைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைத்தது. உடனே திரையில் ஒரு பெட்டி திறந்தது. எனக்கு ஒரு நல்ல பிக்காசும் பெரிய பையும் தருகிறாராம். ஏற்றுக்கொள், மறுத்துவிடு என்று இரண்டு பொத்தான்கள்.

மறுத்தேன். மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் மறுத்தேன். பிறகு ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, "எதுக்கு தரீங்க" என்று கேட்டேன். அங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

"உங்களுக்கு யூஸ் ஆகும் அங்கிள்" என்று பதில் வந்தது.

"நான் அங்கிள்னு எப்படி தெரியும்"

"உங்க பொண்ணு சொன்னாங்க. எங்கப்பா வரார், பாத்துக்கோங்கன்னு."

அவர்தான், மகளின் பின்னால் நிற்கிறவர், என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வேலைக்குப் போகிற ஆளாக இருந்தால் புதன்கிழமை பதினொரு மணிக்கு இங்கே என்ன செய்கிறார்? இனாமாக ஒருவர் ஒன்றைத் தருகிறார் என்றால் பதிலுக்கு எதை எடுத்துக்கொள்ளப் போகிறார்? சோதனை வேலையில் இந்த இரண்டு கேள்விகளும் என் கைக்குப் பழக்கமானவை. நான் பரிசை வாங்கிக்கொள்ளாமலே பேச்சை வளர்த்தேன்.

"சொந்த ஊர்?"

"சேலம் அங்கிள்."

"வேலை?"

"ஆபீஸ். நீங்க?"

கொஞ்சம் யோசித்தேன். "நானும் ஆபீஸ்தான்" என்று எழுதினேன். ஆட்களைத் தடவிப் பார்க்கிற வேலை என்று தெரியாதவர்களிடம் நான் என்றைக்கும் சொன்னதில்லை.

அடுத்த இரண்டு வாரம் அவரை விடவில்லை. சுரங்கத்தில் ஒரே கேள்வியை இரண்டு நாள் இடைவெளி விட்டு, வேறு விதமாகக் கேட்பது எங்கள் பழக்கம். பொய் சொல்கிறவனுக்குத் தான் முதலில் சொன்னது ஞாபகம் இருக்காது. "உங்க ஊர்ல மழையா?" என்று கேட்டேன். "கோயம்புத்தூர்ல நல்ல மழை" என்றார். "ஆபீஸ் லீவா?" என்றேன். "வீட்லதான் இருக்கேன், வேலைன்னு தனியா இல்ல" என்றார். மற்றவர்கள் ஹெட்போனில் பேசுவார்கள், இவர் மட்டும் எழுதுவார். ஒரு நாள்கூட அவர் குரலை யாரும் கேட்டதில்லை என்று மகளிடம் நைசாகப் பேசித் தெரிந்துகொண்டேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் சரியாகப் பத்து நிமிஷம் அப்படியே சிலையாக நின்றுவிடுவார். ஊர் இரண்டு, வேலை இரண்டு, குரல் கிடையாது, ஏழு மணிக்கு ஆள் இல்லை. பழைய காலமாக இருந்தால் இந்த நான்கையும் எழுதி ஆபீசர் மேஜையில் வைத்திருப்பேன்.

இங்கே ஆபீசர் யாரும் இல்லை. எனவே நானே செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழுவில் ஒன்பது பேர் பெரிய சண்டைக்குப் போகக் கோட்டை வாசலில் கூடியிருந்தோம். மகள் அவள் அறையில், நான் முன்னறையில். மத்தியானமே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டதைப் பார்த்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அடித்தேன். "பச்சை முக்காடு போட்டவர் ஒரு நாள் சேலம்ங்கிறார், ஒரு நாள் கோயம்புத்தூர்ங்கிறார். ஆபீஸ்ங்கிறார், வேலை இல்லங்கிறார். வாயைத் திறக்க மாட்டேங்கிறார். நீங்க யாரு, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

மற்ற எட்டு உருவங்களும் அந்தந்த இடத்தில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நின்றன. பிறகு, "சரிங்க அங்கிள்" என்று அவரிடமிருந்து வந்தது. அதற்கு அடுத்த வரி, அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார் என்று ஆட்டமே போட்ட அறிவிப்பு.

மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அவரு சொல்றது எதுவும் ஒத்து வரலம்மா. பொய் சொல்றாரு."

"சொன்னா சொல்லட்டும்."

"உனக்குத் தெரியுமா அவரு யாருன்னு?"

"தெரியாது."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. தெரிந்துகொண்டு மறைக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். "மூணு வருஷமா பேசறியே, கேக்கவே இல்லியா?"

"கேக்கல. ஆம்பளையா பொம்பளையான்னு கூட தெரியாது. மூணு வருஷத்துல நான் அடி வாங்கும்போது ஒரு தடவ கூட கைய விட்டதில்ல. எனக்கு அது போதும்பா. நீங்க பொறந்த தேதிய மாத்தி சொன்னீங்க. நானும் அதயேதான் அடிச்சேன். உங்கள யாராச்சும் நிக்க வச்சி கேட்டாங்களா?" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது வரைக்கும் அவள் கதவைச் சாத்தினது கிடையாது.

லேப்டாப்பை மூடினேன். அந்த "சரிங்க அங்கிள்" தான் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு ஒரு மரவேலைக்காரர் ஞாபகம் வந்தார், சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் கட்டைகளை முட்டுக் கொடுக்கிறவர். அவரிடம் கல் இருக்கிறது என்று எவனோ துப்புக் கொடுத்தான். ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஷாஃப்ட் வாசலிலேயே அவர் துணி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். ஒன்றும் இல்லை. அவர் துணியைக் கட்டிக்கொண்டு, "ஆச்சுங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு ஏழு வருஷம், நான் சொல்வதற்கு முன்னாலேயே கையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். அது என் கடமை என்றுதான் இருந்தேன். இப்போதும் கடமை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோட்டை வாசலில் யாரும் என்னை வேலைக்கு வைக்கவில்லை.

நான்கு நாள் மகள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். குழுவும் எங்கேயும் போகவில்லை, மருந்து போட ஆள் இல்லையே. அவள் ரயிலுக்குப் போன ஒரு காலையில் நான் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த ஆட்டத்துக்குள்ளேயே தபால்பெட்டி உண்டு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுதினேன். "நான் ஆபீஸில் வேலை செய்யவில்லை. ஆட்களைச் சோதிக்கிற வேலை. அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டது தப்பு. என் பெண்ணுக்காகவாவது திரும்பி வாருங்கள். நான் வேண்டுமானால் விலகிக்கொள்கிறேன்." அனுப்பிவிட்டு, குகைப் பக்கம் போகாமல் மூடிவைத்தேன். இதைப் படித்துவிட்டு அவர் என் பெண்ணிடம் எதையாவது திரித்துச் சொல்வாரோ என்று அப்போதும் ஒரு ஓரத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது.

"அங்கிள், நீங்க கண்டுபிடிச்சது சரி. சேலமும் பொய், கோயம்புத்தூரும் பொய். நிஜ ஊர சொல்ல மாட்டேன். எங்க வீட்ல நான் எங்க போறேன், யார்கிட்ட பேசறேன், எதுக்கு சிரிச்சேன்னு தினமும் கேள்வி. இங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னுதான் வந்தேன். உங்க மேல கோவம் இல்ல. நீங்க விலக வேணாம். இன்னொரு தடவ கேட்டா நான் போயிடுவேன்."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று. அதை மனைவியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தேன். எந்த வீட்டில் உட்கார்ந்து இதை எழுதியிருப்பார், ஏழு மணிக்கு யார் கூப்பிட்டு எழுந்து போகிறார் என்று தோன்றியது. சந்தோஷம் வடிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மகள் கதவைத் திறந்து வைத்திருந்தாள். "அவங்க வந்துட்டாங்க" என்றாள். கொஞ்சம் தயங்கி, "ஒரு ஆளு கொறையுது. வரீங்களா?" என்றாள்.

போனேன். கோட்டைக்குள் ஒரு பெரிய பாம்பு. மகள் கேடயத்தோடு முன்னால், நான் பிக்காசோடு பக்கவாட்டில், பச்சை முக்காடு எல்லோருக்கும் பின்னால். முதல் தடவை என்னால் எல்லோரும் செத்தோம். இரண்டாவது தடவையும் என்னால்தான். யாரும் திட்டவில்லை. மூன்றாவது தடவை தொடங்குவதற்கு முன்னால் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. "அங்கிள், வாலுக்கு நேரா நிக்காதீங்க. ரெண்டு அடி தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். பாம்பு செத்தது. மகள் அறைக்குள்ளிருந்து கத்தினாள், நல்ல கத்தல்தான். என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து, "யாரு செத்தது இப்போ?" என்று கேட்டாள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் நானும் அவர்களோடு போகிறேன். பச்சை முக்காட்டுக்காரர் எனக்கு அடி படும்போது மருந்து போடுகிறார், மற்றபடி என்னோடு தனியாக நிற்பதில்லை. நான் குகைக்குள் இருந்தால் அவர் அந்தப் பக்கம் வருவதில்லை. எனக்கு அது புரிகிறது. நானும் எதுவும் கேட்பதில்லை. போன வாரம் சாப்பிடும்போது, பேச்சுவாக்கில், "அவங்க" என்று தொடங்கிய மகள் சட்டென்று நிறுத்திவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். பச்சை முக்காட்டுக்காரரைப் பற்றி இவளுக்கு இப்போது ஏதோ தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.